மாகாணியும் காணியும்: தமிழ் மருத்துவ நூல்நிலையம் பற்றிய ஓர் ஆய்வு

குற்றாலச் சாரல் இறங்கும் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், செங்கோட்டைக்கு அணித்தாக அமைந்த ஊர் பண்பொழி. திருமலைக் குமரன் கோயில் கொண்ட குன்றால் புகழ்பெற்றது. திருமலை முருகன் பள்ளும் பிள்ளைத்தமிழும் பாடப்பெற்ற பதி. அப்பள்ளின் ஏட்டுப்படி அவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ளதோ என வினவியறியவே யாம் அவ்வூர்க்குச் சென்றோம். தேடிய ஏடு கிடைத்திலது. ஆயின் வழிவழி வைத்தியம் பயின்ற குடும்பம் ஒன்றில், பாட்டனார் விட்டுச்சென்ற மருத்துவ ஏட்டுக்கட்டு ஒன்றைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. அவ்வீட்டு மருத்துவர் சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர். நாள்தோறும் நோயாளரைப் பார்ப்பவர். எம்மைத் தமிழாசிரியர் என அறிந்ததும் ஏடொன்றை எடுத்து வைத்து, "ஐயா, இவ்விடத்தில் உள்ளது மாகாணியா, காணியா? தாங்களே சொல்ல வேண்டும்" என்று கேட்டார்.

வினா சிறிது; ஆயின் அதன் விடையில் ஓர் உயிர் தங்கியிருந்தது. அவ்வேட்டில் இருந்தது மாத்திரை செய்யும் முறை கூறும் விருத்தம். அதில் வீரம் என்னும் சரக்கிற்குப் பலக்கணக்கில் அளவு சொல்லப்பட்டிருந்தது. அளவுச் சொல்லில் 'காணி' என்பது தெளிவு. அதன் முன்னர்ச் செல்லரித்த துளை. துளைக்கு முன் 'மா' இருந்ததாயின் அளவு மாகாணி, அஃதாவது பதினாறில் ஒன்று. இல்லையாயின் அளவு காணி, எண்பதில் ஒன்று. ஒன்று மற்றதன் ஐம்மடங்கு. பலம் ஒன்றுக்கு 35 கிராம் என இன்று கொள்ளும் கணக்கின்படி, முன்னது ஏறத்தாழ 2.2 கிராம்; பின்னது 0.44 கிராம். வீரம் என்பது தமிழ்ப் புலவர்க்குப் பெருமிதச் சுவையின் நிலைக்களன். மருத்துவர்க்கோ அது பாதரசக் கூட்டாகிய கொடுநஞ்சு, முறைப்படி சுத்தி செய்தாலன்றித் தொடலாகாதது. இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற யாம் அவ்வினாவிற்கு அன்று விடை கூற இயலாது நின்றோம். அந்நிலையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

நூல்நிலையம் என்பது யாது?

மருத்துவன் நூல்நிலையத்தை நாடுவது பொழுதுபோக்கிற்கன்று. புலமை நாட்டத்திற்கும் அன்று. நோயாளி காத்திருக்க, ஒரு குறிப்பிட்ட ஐயத்திற்கு விடை தேடியே நாடுகின்றான். ஆதலின் மருத்துவ நூல்நிலையத்தின் தகுதி நூற்றொகையால் அளக்கப்படுவதன்று. கேட்ட வினாவிற்குரிய பக்கத்தைத் திருத்தமாகவும் விரைவாகவும் காட்டும் ஆற்றலால் அளக்கப்படுவது. இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்கப் படைமருத்துவர் சான் சா பில்லிங்சு. தலைமைப் படைமருத்துவர் நூலகத்தை வளர்த்த அவர், 1879இல் புதிய மருத்துவக் கட்டுரைகளுக்குத் திங்கள்தோறும் அடைவு வெளியிடத் தொடங்கினார். 1880இல் அந்நூலகத்தின் பெரும்பட்டியலின் முதல் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். அந்நூலகமே பின்னர் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் ஆயிற்று. 1960இல் அது மருத்துவப் பொருட்டலைப்புக்களின் பட்டியலை வெளியிட்டது. 1964இல் அடைவுப் பணியைக் கணிப்பொறிக்கு மாற்றியது. இன்று உலகின் எம்மூலையிலுள்ள மருத்துவரும் இணையவழி அவ்வடைவைக் காண்கின்றனர்.

அப்பொருட்டலைப்புப் பட்டியலின் நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. ஒரு நோய்க்குப் பல பெயர் வழங்குமாயின் அவற்றையெல்லாம் ஒரு தலைச்சொல்லின்கீழ் அடக்குவதும், ஒரு பெயர் பல பொருட்கு உரியதாயின் அவற்றைப் பிரித்துக் காட்டுவதுமே அதன் தொழில். இது நிகண்டின் தொழிலன்றோ? திவாகரம் மரப்பெயர்க்கு ஒரு தொகுதி வகுத்தது. ஒருசொல் பல்பொருட் பெயர்க்குத் தனித்தொகுதி ஒன்று கண்டது. சித்த மருத்துவத்தாரும் தமக்கெனச் சரக்கு நிகண்டுகள் யாத்துக்கொண்டனர். வல்லாரையும் நீர்ப்பிரமியும் வேறு வேறு பூண்டுகளாயினும், இரண்டும் 'பிராமி' என்னும் ஒரு பெயரால் இந்நாட்டில் வழங்குதல் உண்டு. குமரி என்பது இலக்கியத்தில் கன்னி, ஏட்டில் கற்றாழை. பூரம், வீரம் என்னும் இரண்டும் பாதரசக் கூட்டுக்களே. எனினும் பூரத்தினும் வீரம் பன்மடங்கு கொடிது. இத்தகு வேறுபாடுகளைக் காட்டும் அடைவு இல்லாவிடத்து, ஆயிரம் நூல் அடுக்கிய அறையும் மருத்துவனுக்கு இருட்டறையே.

தமிழில் அத்தகைய அடைவினைத் தனியொருவராய் முயன்றவர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை. காவல்துறையில் பணிபுரிந்த அவர், மருத்துவமும் அதனைச் சார்ந்த துறைகளும் பற்றிய தமிழ்-ஆங்கில அகராதியின் முதல் தொகுதியை 1931இல் வெளியிட்டார். எஞ்சிய தொகுதிகள் அனைத்தும் வெளிவருமுன்னரே 1953இல் மறைந்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் பல துறைகள் கூடிச் செய்தற்குரிய பணி ஒருவர் தோளில் விழுந்தது என்பதனை நன்றியோடும் நாணோடும் நினைவுகூர்கின்றோம்.

தஞ்சையில் கண்டது

நூலும் மருத்துவனும் நோயாளியும் ஒருங்கு கூடிய நிலையினைத் தமிழகம் முன்னரே கண்டுள்ளது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், அரண்மனை நூலகத்தைப் பெருக்கியதோடு தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தையும் பேணினார். அங்கு ஆய்ந்து தேர்ந்த முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என வழங்கலாயின. கண்ணோயாளரைப் பற்றிய குறிப்புக்கள் வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்டு இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியின் பெயரும் நிலையும், செய்த சிகிச்சையும், கண்ட பயனும் ஏட்டில் ஏறின. ஏட்டில் ஏறியது நூலகத்தில் அடங்கியது. நூலகத்தினின்றும் அடுத்த மருத்துவன் பயன்கொள்ளும் வழி பிறந்தது.

எனினும் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் திறனாய்வு ஆகாது. செய்யுளாக்கம் முறையினை நினைவிற் பதிக்க உதவிற்று. அதே வேளையில் அம்முறை எவ்வளவு நோயாளரிடம் பயன்பட்டது, எவரிடம் பயன்படாது போயிற்று என்னும் செய்தியைச் செய்யுளினின்றும் வெளியே தள்ளிற்று. பாட்டில் வெற்றியே நின்றது. குறிப்பேடுகள் ஒருபுறமும் பாடல்கள் ஒருபுறமுமாகப் பிரிந்து கிடத்தலின், இரண்டையும் இணைத்துக் காணும் பதிப்பே இன்று வேண்டப்படுவது. 1918 முதல் பொதுமக்கட்குத் திறந்துள்ள அந்நூலகம் மருத்துவ நூல் பலவற்றை அச்சிட்டுள்ளது. இவ்விணைப்புப் பணி அதன் அடுத்த படியாதல் தக்கது.

மானிப்பாயில் கண்டது

தஞ்சைக்குப் பின் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நோக்குவோம். அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847இல் இலங்கை சேர்ந்து, இடையில் சில ஆண்டு தாயகத்தில் இருந்ததொழிய, 1873 வரை அங்குப் பணிபுரிந்தார். 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். கற்பிக்க நூல் வேண்டுமே. அதனைத் தம் மாணாக்கர் துணையுடன் தாமே ஆக்கினார். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. கிரே என்பாரின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் தோன்றியது 1858இல். பதினான்கு ஆண்டிற்குள் அது தமிழுருப் பெற்றது என்பது இன்றும் வியத்தற்குரியது.

இவற்றை உதிரி மொழிபெயர்ப்புக்களாகக் கருதுதல் பிழை. உடற்கூறு, உடலியக்கம், அறுவை, மகப்பேறு, பொதுமருத்துவம், வேதியல், மருந்துச்சரக்கு என ஒரு மருத்துவ மாணாக்கன் கற்க வேண்டிய துறை யாவும் முறையாக நிரம்பி நிற்றலின், இஃது ஒரு நூல்நிலையமாகவே திட்டமிடப்பட்டது என்பது எம் துணிபு. கலைச்சொற்பட்டியல்களையும் கிறீன் வெளியிட்டமை அத்திட்டத்தை உறுதி செய்யும்.

சொல்லாக்கத்தில் அவர் நெறி ஒருசீரானதன்று. அதனை நூற்பெயர்களே காட்டும். இரண வைத்தியம் என்பது நாட்டில் வழங்கிய சொல்லைத் தழுவியது. அங்காதிபாதம், சுகரணம் என்பன வடசொற் புணர்ப்பு. கெமிஸ்தம் என்பது ஆங்கில ஒலியைத் தமிழ் ஈற்றோடு பொருத்தியது. இம்மூன்றனுள் முதல்வகையே நிலைத்தற்குரியது. உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் என இன்று யாம் வழங்குதல், பின்னை இருவகையும் நிலைபெறாமைக்குச் சான்று. 1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கத்தார் கலைச்சொல்லாக்கத்தில் தமிழ் வேர்களையே நாடியமைக்கும் இப்பட்டறிவே அரண் எனலாம்.

ஆயின் கிறீனின் நூல்நிலையம் வழக்கொழிந்தமைக்குக் காரணம் சொற்களின் கடுமையன்று. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வழிச் சென்றதும் அந்நூல்கள் மாணாக்கரை இழந்தன. மாணாக்கரை இழந்ததும் புதுக்குவாரை இழந்தன. காப்பியம் மூப்பதில்லை, மருத்துவ நூல் மூக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் திருத்தப்பெறாத மருத்துவ நூல் வரலாற்றுச் சான்றாய் மாறிவிடும். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மருத்துவ நூல்களைத் தமிழில் கொணர முற்பட்டுள்ளமை மகிழ்தற்குரியது. மானிப்பாய் கற்பிக்கும் பாடம் ஒன்றே: முதற்பதிப்பு எளிது, மறுபதிப்பே தேர்வு.

சட்டம் ஏற்ற நூலும் பதிப்பும்

இனிச் சித்த மருத்துவ நூல்களின் இன்றைய நிலையைக் காண்போம். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில், 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி இந்திய மருத்துவ முறைகளுக்கான பகுதி இடம்பெற்றது. அதன் முதல் அட்டவணை ஆட்சிநூல்களின் பெயர்களை நிரல்படத் தருகின்றது. போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் பரிபூரணம் 400 முதலியன அதில் உள்ளன. அந்நூல்களிற் சொன்ன முறைப்படி செய்த மருந்தே சட்டத்தின் கண்ணில் சித்த மருந்து. ஒரு நாட்டின் சட்டம் தமிழ்ச் செய்யுள் நூல்களை மருந்துக்கு அளவுகோலாக ஏற்றது என்பது எளிய செய்தியன்று. தொல்காப்பியத்திற்கும் கிடைக்காத ஆட்சிப்பேறு புலிப்பாணிக்குக் கிடைத்துள்ளது எனலாம்.

ஆயின் சட்டம் நூலின் பெயரைச் சொல்லிற்று; பதிப்பினைச் சொல்லவில்லை. எந்தப் பதிப்பு? எந்தப் பாடம்? புறநானூற்றுக்கும் சிந்தாமணிக்கும் உ. வே. சாமிநாதையர் ஏடு பல ஒப்பிட்டு வேறுபாடம் காட்டினார். சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் அவ்வாறு வெளிவந்தன. அந்நெறி மருத்துவ நூல்களை முழுதும் எய்தவில்லை. மலிவுப் பதிப்புக்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சிடப்பட்டன. முதலிற் புகுந்த பிழை வழிவழி நிலைபெற்றது. இலக்கியத்தில் பாடவேறுபாடு நயத்தை மாற்றும்; மருத்துவத்தில் அளவை மாற்றும்.

பிழை புகும் வாயில்களும் பல. ஏட்டெழுத்தில் புள்ளி இடுதல் இல்லை. எகர ஏகாரங்கட்கு ஒரே கொம்பு. ரகரமும் காலும் ஒத்த வடிவின. எண்களைக் குறிக்கும் ௧, ௨, ௭, ௮ என்பன முறையே க, உ, எ, அ என்னும் எழுத்துக்களை ஒப்பன. ஆதலின் சரக்கின் பெயரையடுத்து நிற்கும் குறி எண்ணோ எழுத்தோ எனப் படிப்பவன் மயங்குதல் கூடும். மா என்னும் அளவு இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டும் கூடியதே மாகாணி. ஓர் எழுத்து உதிரின் கணக்கே உதிரும்.

2001இல் நடுவணரசு தொடங்கிய மரபறிவு மின்னூலகம் சித்த மருத்துவ முறைகளையும் தொகுத்து, ஆங்கிலம் முதலிய ஐந்து அயன்மொழிகளில் காப்புரிமை ஆய்வாளர்க்கு வழங்குகின்றது. நம் மரபுரிமையைப் பிறர் கவராமற் காத்தற்கு அஃது ஏற்றதே. எனினும் அச்சிட்ட மூலத்தில் அளவு பிழைத்திருக்குமாயின், அப்பிழையும் ஐந்து மொழிகளில் அழகுறப் பெயர்க்கப்படும். மூலபாடம் திருந்தாத இடத்துக் கருவி வளர்ச்சி பிழையை விரைவுபடுத்துமே அன்றி நீக்காது.

தமிழ்த்துறையின் கடன்

இவ்விடத்து இரு தடைகள் எழுப்பப்படும். மருத்துவ நூல்கள் பிற்கால வழக்கின, யாப்பமைதி குன்றியன, இலக்கியச் சுவையற்றன, ஆதலின் தமிழ்த்துறை அவற்றைத் தொடவேண்டா என்பது ஒன்று. அவற்றைப் பதிப்பித்தல் மருத்துவர் பணி என்பது மற்றொன்று.

முதல் தடைக்கு விடை: நெல்வகையும் மாட்டுவகையும் அடுக்கும் பள்ளு நூலை ஆராயும் யாம், மூலிகைவகை அடுக்கும் நூலை விலக்குதற்கு நெறியில்லை. பொருளால் தாழ்ந்தது என ஒரு நூலை ஒதுக்கும் துறை, சொல்லாராய்ச்சிக்கும் வழக்காராய்ச்சிக்கும் உரிய ஒரு பெருங்களஞ்சியத்தைத் தானே பூட்டிக்கொள்கின்றது.

இரண்டாம் தடைக்கு விடையாகப் பண்பொழி ஏட்டிற்கே மீள்வோம். அன்று விடை கூற மாட்டாத யாம், செய்யுளை எழுதிக்கொண்டு வந்து சீர் பிரித்து நோக்கினோம். மாகாணி என்பது மூவசைக் காய்ச்சீர். காணி என்பது ஈரசை மாச்சீர். அவ்விருத்தத்தின் ஏனை மூன்றடிகளிலும் அவ்விடத்தில் நின்றது காய்ச்சீர். ஆகவே துளையில் மறைந்தது 'மா' என்பதே யாப்பு தரும் முடிவு. மருத்துவர் வைத்திருந்த அச்சுநூல் ஒன்றிலோ அதே செய்யுள் 'காணி' என நின்று, சீர் குன்றியிருந்தது. எம் முடிவை அவர்க்குத் தெரிவித்தபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "யாப்பு ஐம்மடங்கு நஞ்சைக் கேட்கின்றதே, ஐயா, சித்தர் பாட்டில் சீர் குன்றுவது புதிதா?" என்றார்.

அவர் கூற்றில் உண்மை உண்டு. மருத்துவப் பாடல்களில் யாப்பு நெகிழ்தல் பெருவழக்கு. ஆதலின் சீரமைதி ஒன்றே முடிந்த சான்றாகாது. வேறு ஏடுகளில் அச்செய்யுள் எவ்வாறு உள்ளது, அதே மருந்தினைப் பிற நூல்கள் எவ்வளவிற் சொல்கின்றன, சுத்தி முறை யாது என மூன்றும் ஒப்பிட்ட பின்னரே பாடம் துணியப்படும். பாடம் துணிந்த பின்னரும், அஃது ஆசிரியன் எழுதியது இன்னது என்று காட்டுமேயன்றி, உண்ணத்தக்கது என்று காட்டாது. அதனைக் காட்ட வேண்டியது ஆய்வுக்கூடம். புலவன் எல்லையும் மருத்துவன் எல்லையும் இவ்வாறு தெளிவாகப் பிரிகின்றன. பிரிந்தும், ஒன்றின்றி மற்றது நடவாது. யாப்பறியா மருத்துவன் துளையில் இருந்ததை அறியான். மருந்தறியாப் புலவன் தன் விடையின் கேட்டினை அறியான். அன்று எம்மிருவர்க்கும் இடையே இல்லாதிருந்தது ஒரு நூல்நிலையமே.

ஆதலின் மூன்று பணிகளை முன்வைக்கின்றோம். ஒன்று, சட்டம் ஏற்ற சித்த மருத்துவ நூல்களுக்கு ஏடு ஒப்பிட்டு வேறுபாடம் காட்டும் மூலபாடப் பதிப்பு. அப்பதிப்பில் அளவுச்சொல் ஒவ்வொன்றும் ஐயமற்றது, ஐயமுடையது எனக் குறிக்கப்படல் வேண்டும். இரண்டு, சரக்கு, நோய், அளவு என்னும் மூன்றற்கும் நிகண்டு நெறியில் அமைந்த பொருளடைவு. அதில் இலக்கியப் பொருளும் மருத்துவப் பொருளும் தாவரநூற் பெயரும் அருகருகே நிற்றல் வேண்டும். மூன்று, 1964இல் தோன்றிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்றவற்றின் ஆசிரியரும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணாக்கரும் கூடியிருந்து ஏடு படிக்கும் வகுப்பு. முனைவர் பட்டத்திற்குப் பொருள் தேடும் மாணாக்கர், நூறு பேர் ஆய்ந்த நூலையே மீண்டும் ஆய்தலை விடுத்து, ஒரு மருத்துவ நூலின் ஒரு நூறு பாடல்களைத் திருத்தமாகப் பதிப்பிப்பாராயின் அஃது உயிர் காக்கும் தமிழ்ப்பணி ஆகும்.

பண்பொழி மருத்துவர் அம்மாத்திரையை இன்றளவும் செய்தாரில்லை. பாடம் துணியாத மருந்தைச் செய்யாது விட்டது அவர்தம் அறிவுடைமை. அவ்வேட்டினை யாம் படமெடுத்துவந்து துறையில் வைத்துள்ளோம். ஒப்பிடுதற்குரிய பிறிதோர் ஏட்டினை நாடி நிற்கின்றோம். அச்செய்யுளைத் தம் இல்லத்துக் கட்டிலோ தம் ஊர் நூலகத்திலோ கண்ட அன்பர், துளையில்லாத அவ்வோரிடத்தை மட்டும் படித்து எமக்கு எழுதுவாராயின், ஒரு மருத்துவரின் ஐயம் தீரும். தமிழ் மருத்துவ நூல்நிலையத்திற்கு ஒரு கல் வைத்ததும் ஆகும்.